ஒப்புக்கொண்டுதானே போனாய்?

சம்பளம் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு பெண் சொன்னால், முதல் கேள்வி முதலாளியிடம் போவதில்லை. அவளிடமே திரும்பி வருகிறது: “தெரிந்து, ஒப்புக்கொண்டுதானே போனாய்?” நடவுக்குப் போகிறவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களிடமும் தனியார் பள்ளி ஆசிரியைகளிடமும் கேட்டிருக்கிறார்கள். இப்போது அந்தக் கேள்வி மெல்பர்னுக்கும் பர்மிங்காமுக்கும் டொரான்டோவுக்கும் படிக்கப் போன நம் பெண்களின் பின்னாலும் போயிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். குறைந்த கூலிக்கு ஒருத்தி சம்மதித்துவிட்டாள் என்றால், மீதிக் கூலி முதலாளிக்குச் சொந்தமாகிவிடுமா?

தா.பழூர் அரியலூர் மாவட்டத்தின் தென் ஓரத்தில் இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். இந்தப் பக்கம் நெல், வடக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் போகப் போக முந்திரி. இந்த மண்ணிலிருந்து ஒரு பெண் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகிறாள் என்றால், அவளுடன் ஒரு நிலப் பத்திரமும் புறப்படுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் வேண்டுமானால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். அப்பாவின் ஒரு ஏக்கரோ தாத்தாவின் வீடோ வங்கிப் பெட்டிக்குள் போகும். கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் படிப்பில் போட்டுவிட்டோம் என்று சொல்லாத உறவு இருக்காது. மகன் போகும்போதும் கடன்தான். ஆனால் அவன் தோற்றுத் திரும்பினால் அவன் மட்டும் தோற்றதாக ஊர் சொல்லும். மகள் திரும்பினால், இனி எந்தப் பெண்ணையும் அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று சொல்லும். ஒருத்தி தன்னோடு தனக்குப் பின்னால் வரவேண்டிய பெண்களின் வாய்ப்பையும் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறுகிறாள்.

அங்கே போனதும் அவளுக்கு ஒரு வேலை வேண்டும். கல்லூரிக் கட்டணம் கடனில் போய்விடும். வாடகைக்கும் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அவளேதான் வழி பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் உள்ளவர் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். 2023 ஜூலை முதல் இதுதான் வரம்பு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரம் 20 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். குறைந்தபட்ச ஊதியமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் அது மணிக்கு 24 டாலர் 95 சென்டாக இருந்தது. விடுப்புச் சம்பளம் இல்லாத தற்காலிக ஊழியருக்கு அதற்கு மேல் கால் பங்கு கூடுதல். பிரிட்டனில் 21 வயது நிறைந்தவருக்கு 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. உள்நாட்டுக்காரருக்கு ஒன்று, வந்தவருக்கு ஒன்று என்று அங்கே இரண்டு கணக்கு கிடையாது.

நடப்பது வேறு. முதல் சில நாள் பழகுவதற்கு என்று சம்பளமே இல்லை. பிறகு பாதிச் சம்பளம், அதுவும் ரசீதில்லாமல் கையில் காசாக. கேட்டால், “வேண்டாமென்றால் போ, பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.”

இது எங்கோ ஒரு சின்னக் கடையில் மட்டும் நடப்பதில்லை. 2015 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய ஊடகங்கள் செவன் லெவன் கடைகளின் சம்பளக் கணக்கை வெளியே கொண்டுவந்தன. இரவும் பகலும் திறந்திருக்கும் அந்தக் கடைகளில் கல்லாவில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள், அவர்களில் தெற்காசியர்கள் ஏராளம். ஏமாற்று மிக எளிது. நாற்பது மணி நேரம் வேலை வாங்குவார்கள், ஏட்டில் இருபது மணி நேரம் என்று எழுதுவார்கள், இருபதுக்கு மட்டும் சம்பளம் தருவார்கள். ஏடு சுத்தமாக இருக்கும், கூலி பாதியாகியிருக்கும். மாணவர் புகார் சொன்னால், வரம்பை மீறி வேலை செய்தாய் என்று குடிவரவுத் துறையிடம் சொல்லிவிடுவோம் என்பார்கள். விவகாரம் வெடித்த பிறகு சில கடைகளில் முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, பாதியைக் காசாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் அந்த நிறுவனம் ஊழியர்களுக்குத் திருப்பித் தந்த நிலுவை 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். அத்தனையும் “ஒப்புக்கொண்டு” வேலை செய்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட பணம்.

2017இல் லாரி பெர்க், பசினா ஃபார்பன்பிளம் என்ற இரண்டு பெண் சட்டப் பேராசிரியர்கள், ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருந்த 4,322 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கெடுத்த வெளிநாட்டு மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மணிக்கு 12 டாலரோ அதற்கும் கீழோ கிடைத்திருந்தது. அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் 17 டாலர் 70 சென்ட். அந்த ஆய்வு சொன்ன இன்னொன்று நம் விவாதத்துக்கு முக்கியம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்பது தெரிந்தே இருந்தது. அறியாமையால் ஏமாந்தார்கள் என்று இதைக் கடந்துபோக முடியாது. தெரிந்துதான் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

இதற்கு விடை தேட நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் பாலங்களும் கட்டினார்கள். வேலைக்குப் பல மாநிலங்களிலிருந்து ஏழைகளைக் கூட்டிவந்தவர்கள் ஜமேதார்கள், நம் பேச்சில் கங்காணிகள். சட்டப்படி நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. கங்காணி அதில் ஒரு ரூபாயைத் தன் தரகாக எடுத்துக்கொண்டார். பெண்களின் கையில் 7 ரூபாய்தான் வந்தது என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட புகார். உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால், அது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. சாட்டையும் சங்கிலியும் இருந்தால்தான் கட்டாயமா? வேறு வழியே இல்லாத நிலையும் ஒரு கட்டாயம்தான் என்று நீதிபதி பகவதி விளக்கினார். சட்டப்படி தனக்கு வரவேண்டியதைவிடக் குறைவு என்று தெரிந்தும் ஒருவர் உழைப்பைத் தருகிறார் என்றால், ஏதோ ஒன்று அவரை நெருக்குகிறது என்றுதான் கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்த வாதம் நம் கேள்வியைத் தலைகீழாக்குகிறது. “ஒப்புக்கொண்டுதானே போனாய்?” என்று கேட்கிறவர்கள் சம்மதத்தை முதலாளிக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். நீதிமன்றமோ அதே சம்மதத்தை முதலாளிக்கு எதிரான சாட்சியாகப் படித்தது.

அடுத்த ஆண்டே, 1983இல், ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி ஏறியது. அஜ்மீர் பக்கம் ஹர்மாடா கிராமத்தில் வறட்சி நிவாரணமாகச் சாலை போட்ட வேலையில், பெரும்பாலும் பெண்களுக்கு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தார்கள். அதை எதிர்த்து முன்நின்று கேட்டவர்களில் நௌர்தி பாய் என்ற தலித் பெண் ஒருவர். பின்னாளில் அதே ஊரின் பஞ்சாயத்துத் தலைவரானவர். பஞ்ச காலத்தில் வேலை கொடுத்ததே உதவி, அதற்கு முழுக் கூலியும் வேண்டுமா என்பது அரசின் வாதத்தின் சாரம். உதவி என்ற பெயரில் கூலியைக் குறைக்க அரசுக்கே உரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். டெல்லியில் கல் சுமந்தவர்களும் ஹர்மாடாவில் மண் சுமந்தவர்களும் பசிக்காக உழைத்தார்கள். படிக்கப் போன பெண்ணுக்கு நிலம் உண்டு, பட்டம் உண்டு, திரும்பிவர ஒரு வீடும் உண்டு. அவளை அவர்களோடு ஒப்பிடுவது அவர்களின் துன்பத்தைச் சிறிதாக்குவது ஆகாதா?

துன்பத்தின் அளவை ஒப்பிட்டால், ஆகும். ஆனால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் துன்பத்தை அளப்பதில்லை. அது எல்லோருக்கும் ஒரே தரையைப் போடுகிறது. ஏன் அப்படி? ஒவ்வொருத்தியும் தன் வறுமையை நிரூபித்துக் காட்டினால்தான் கூலி என்று வைத்தால், அது கூலியாக இருக்காது, பிச்சையாகிவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. வசதியுள்ளவள் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கலாம் என்று விட்டுவிட்டால், வசதியில்லாதவளுக்கு அந்தக் கூலிதான் சந்தை விலையாகிவிடும். ஒருத்தியின் சம்மதம் அவளோடு நிற்பதில்லை, பக்கத்தில் நிற்பவளின் பேரத்தையும் கெடுக்கிறது. அதனால்தான் சில சம்மதங்களைச் சட்டம் ஏற்பதில்லை. அவளுக்கு அறிவில்லை என்று சட்டம் சொல்லவில்லை. ஒற்றை ஆளாக முதலாளியின் எதிரில் நின்று பேரம் பேசும் சுமையை அவள் தோளிலிருந்து இறக்குகிறது.

நெருக்கடி எது என்பதையும் யோசிக்க வேண்டும். வயிறு மட்டுமா நெருக்குகிறது? ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஒருத்திக்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால் அவள் சம்மதத்தின் எடை தெரிந்துவிடும். வாடகை தவறும். அடமானத்தில் இருக்கும் நிலம் கண்முன் வரும். விசா போய்விடுமோ என்ற பயம் வரும். எல்லாவற்றுக்கும் மேல், ஊருக்கு என்ன சொல்வது என்ற வெட்கம் வரும். இத்தனையையும் முதுகில் வைத்துக்கொண்டு ஒருத்தி தலையாட்டினால், அதைச் சுதந்திரமான முடிவு என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது மறுப்பு நம் வீட்டுக் கூடத்திலிருந்தே வரும். “மணிக்குப் பன்னிரண்டு டாலரா? நம் பணத்தில் அறுநூறு ரூபாயைத் தாண்டுமே! உங்கம்மா ஒரு நாள் முழுக்கக் குனிந்தாலும் கிடைக்குமா?” கணக்கு சரிதான். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள் கூலியே 336 ரூபாய். ஆனால் அவள் வாடகையை ரூபாயில் கொடுப்பதில்லை. டாலரில் செலவு செய்கிறவளின் சம்பளத்தை மட்டும் ரூபாயில் பார்ப்பது அரைக் கணக்கு. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. அம்மாவின் கூலி நியாயமானது என்று இந்த ஒப்பீடு சொல்லாமல் சொல்கிறது. வரப்பு வெட்டுகிற ஆணுக்கு ஒரு கூலி, அதே வயலில் நாள் முழுக்கச் சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது நம் பக்கம் யாரும் ஏன் என்று கேட்காத வழக்கம். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வயலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அம்மாவுக்கு நடந்த அநியாயத்தை அளவுகோலாக்கி மகளுக்கு நடப்பதை அளந்தால், மகளுக்கு நடப்பது எப்போதும் சலுகையாகத்தான் தெரியும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கடினமானது. அவளும் விதியை மீறியிருக்கிறாளே? 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவள் சட்டத்தின் வாசலில் நின்று எப்படி நியாயம் கேட்பாள்?

இதற்கு நாடுகள் வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. பிரிட்டனின் 2016 குடிவரவுச் சட்டம், அனுமதியில்லாமல் வேலை செய்வதையே குற்றமாக்கி, அப்படி ஈட்டிய ஊதியத்தைப் பறிமுதல் செய்யவும் வழி வைத்தது. அதே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு 2014இல் ஒரு நைஜீரியப் பெண்ணின் வழக்கு வந்தது. படிக்கவைக்கிறோம், சம்பளம் தருகிறோம் என்று சொல்லி, சுமார் பதினான்கு வயதில் பொய் ஆவணத்தில் அழைத்துவரப்பட்டவள். படிப்பும் கிடைக்கவில்லை, சம்பளமும் கிடைக்கவில்லை. வீட்டு வேலை வாங்கி, அடித்து, ஒருநாள் வெளியே தள்ளினார்கள். அவளுடைய வேலையே சட்டவிரோதம் என்று காரணம் காட்டி, சம்பளக் கோரிக்கையைக் கீழ் மன்றங்கள் நிராகரித்திருந்தன. பாகுபாட்டுடன் வெளியேற்றியதற்கான இழப்பீட்டை மட்டும் உச்ச நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்தது. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. விசா நிலை எப்படி இருந்தாலும் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2023இல் சட்டத்திலேயே எழுதியது. சம்பளம் திருடப்பட்டவர் வழக்கு முடியும்வரை தங்க, 2024 ஜூலையில் ஒரு குறுகிய கால விசாவையும் சோதனை முறையில் கொண்டுவந்தது. 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது அங்கே கிரிமினல் குற்றம்.

எது சரி? மணி வரம்பு அவளுக்கும் அந்த நாட்டு அரசுக்கும் உள்ள விவகாரம். கூலி அவளுக்கும் முதலாளிக்கும் உள்ள விவகாரம். முதல் விவகாரத்தில் அவள் தவறியிருக்கலாம், அதற்குரிய விளைவையும் சந்திக்கலாம். ஆனால் நாற்பதாவது மணி நேரத்திலும் அவள் கழுவிய தட்டு சுத்தமாகத்தான் இருந்தது. அந்த மணி நேரத்திலும் கல்லாவில் பணம் விழுந்தது. மீறலில் பங்கெடுத்த முதலாளி அந்த மீறலையே காட்டிக் கூலியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்றால், சட்டத்தை மீறச் சொல்வதே அவருக்கு லாபமான வியாபாரமாகிவிடும். செவன் லெவன் கடைகளில் நடந்தது அதுதான்.

பெண்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இன்னொன்று. வெளிநாட்டில் நம் பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறவர் பல நேரம் அந்நியராக இருப்பதில்லை. நம் மொழி பேசுகிறவர், நம் ஊர்ப் பக்கம். அவள் அவரை ‘அண்ணா’ என்கிறாள், அவர் மனைவியை ‘அக்கா’ என்கிறாள். வந்த புதிதில் தங்க இடம் காட்டியவர்கள், சோறு போட்டவர்கள். அந்த உதவி பொய்யில்லை. ஆனால் அண்ணன் கடையில் தங்கை கணக்குக் கேட்கக் கூடாது. உறவுமுறைச் சொல் அவளை ஊழியர் என்ற இடத்திலிருந்து மெல்ல நகர்த்தி வீட்டுப் பெண் என்ற இடத்தில் உட்கார வைக்கிறது. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு நம் வழக்கத்தில் கூலி கிடையாது.

இந்தப் பழக்கம் விமான நிலையத்தில் தொடங்கியதில்லை. பத்து வயதில் தம்பியைக் குளிப்பாட்டியது, பதினைந்தில் சமையல் கட்டில் நின்றது, அறுப்புக் காலத்தில் களத்துக்குச் சாப்பாடு சுமந்தது, எதையும் யாரும் எண்ணவில்லை. எண்ணுவதே அன்பில்லாத செயல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1972இல் செல்மா ஜேம்ஸ், மரியாரோசா தல்லா கோஸ்தா, சில்வியா ஃபெடெரிச்சி போன்றவர்கள் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டு இயக்கம் தொடங்கியபோது உலகம் சிரித்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. ஆயிரம் ரூபாய் வீட்டு வேலைக்குக் கூலியாகாது, எல்லாப் பெண்களுக்கும் அது வருவதுமில்லை. ஆனாலும் உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். உரிமைக்குக் கணக்கு கேட்கலாம்.

நன்றியும் கூலியும் வேறு வேறு கணக்குகள். தங்க இடம் கொடுத்தவருக்கு அவள் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்கட்டும், அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகட்டும். ஆனால் நன்றியைக் கூலியில் கழித்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது. கூலி கேட்பதைத் திமிர் என்று பார்க்கிற மனத்தை நம் டெல்டா நன்றாக அறியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது, விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து கூலி உயர்வு கேட்டது. எரிந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். கடல் கடந்த ஓர் உணவகத்தின் சமையலறையை வெண்மணியோடு சமமாக வைக்கவில்லை. கேட்டவரைப் பணிவில்லாதவராகக் காட்டும் பழக்கம் எவ்வளவு பழையது, எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கடைசியாக, அவள் கடமை என்ன? குறைந்த கூலிக்கு வாய் மூடி உழைக்கிறவள் அடுத்து வரும் பெண்ணுக்கும் அதே கூலியை விட்டுச் செல்கிறாள் என்று மேலே சொன்னேன். அப்படியானால் புகார் செய்யாதது அவள் குற்றமா? அப்படிச் சொன்னால் முதலாளியின் பாவத்தையும் அவள் தலையில் இறக்குகிறோம். ஒரு தீமையை நிறுத்தும் பொறுப்பு, நிறுத்தினால் குறைவாக இழப்பவர்களுக்குத்தான் முதலில் உண்டு. நிரந்தரக் குடியுரிமை பெற்று வசதியாக இருக்கும் நம்மவர்களுக்கு விசா பயம் இல்லை. பொங்கலும் தீபாவளியும் கொண்டாடும் தமிழ்ச் சங்கங்கள், தங்கள் விழாவுக்கு நன்கொடை தருகிற உணவகத்தில் பரிமாறும் பெண்ணுக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்கலாம். கட்டணம் கட்டவைக்கும் பல்கலைக்கழகங்கள் கேட்கலாம். மாணவிகளை அனுப்பிவைத்துத் தரகு வாங்கும் முகவர்கள், வேலை கிடைக்கும் என்று சொல்லும்போதே சட்டப்படி எவ்வளவு கிடைக்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

அவளால் முடிந்த சிறியவை சில உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே போனாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள், எவ்வளவு கையில் வந்தது என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வைக்கலாம். வேலை அட்டவணையைப் படம் எடுத்து வைக்கலாம், வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஆறு ஆண்டு வரை பழைய நிலுவையைக் கேட்க முடியும். முதலாளி ஏடு வைக்கவில்லை என்றால், தான் கொடுத்ததை அவரே நிரூபிக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொல்கிறது. பிரிட்டனில் தொழில் தீர்ப்பாயத்துக்கான காலக்கெடு மாதக் கணக்கில்தான், அதனால் அங்கே தாமதிக்கக் கூடாது. மாணவர்களும் தொழிற்சங்கத்தில் சேரலாம். தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை தரும் அரசு அமைப்புகள் இரு நாட்டிலும் உண்டு. உடனே புகார் செய்யாவிட்டாலும், எழுதி வைத்த நோட்டு அவளுக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கும்.

இன்னொன்று நம் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் அவள் சிரித்துக்கொண்டு “நல்லா இருக்கேம்மா” என்று சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பை நன்கு அறிந்த முதலாளிக்கு வேறு மிரட்டல் தேவையில்லை. அவளை அடக்கிவைக்க நம் மானமே போதும். வீட்டில் உள்ள அம்மாக்களும் அக்காக்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. “சாப்பிட்டியா?” என்று கேட்ட கையோடு, “மணிக்கு எவ்வளவு கொடுக்கிறாங்க, எழுதி வைக்கிறியா?” என்றும் கேட்கலாம். அவள் குறைவு என்று சொன்னால், அடுத்து வாயில் வருகிற பழைய கேள்வியை விழுங்கிவிட்டு, அவர் ஏன் குறைத்தார் என்று கேட்கலாம். அதே கேள்வியை அடுத்த நடவின்போது நம் வரப்பில் நின்றும் கேட்டுப் பார்க்கலாம்.